திருத்தணியில் நாலு கட்டில்

திருத்தணிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, மழைக்காலத்தில் மலை ஏறலாமா என்று என்னிடம் கேட்காத சிநேகிதிகள் குறைவு. நான் இரண்டு தடவை போய் வந்தவள். இரண்டு தடவையும் சுவாமி தரிசனம் செய்தேன். ஆனால் முதல் தடவை போனது அதற்காக இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மழையில் போன பயணம். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். வழி விவரம் மட்டும் போதும் என்கிறவர்கள் கடைசிக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது வருஷமாக நான் செய்வது கேட்கிற வேலை. பிள்ளை பெறும் பெண்களுக்குப் படித்த மருத்துவச்சி வேண்டும், பச்சைக் குழந்தைக்குப் பால் வேண்டும், ஆலையில் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு லீவு வேண்டும் என்று சர்க்காரையும் பணக்காரர்களையும் நச்சரிப்பது. சம்பளம் கிடையாது. இதில் நான் விழுந்ததே தற்செயல். ஒரு குழந்தைக் கண்காட்சியில் நன்றி சொல்ல வேண்டிய அம்மாள் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த என்னைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு ஏறினவள் இன்னும் இறங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் பெருமூச்சு விடுவார். மகஜர் எழுதி எழுதி, மந்திரிமார் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, கண்ணால் பார்க்கும்படி எங்கள் சங்கம் சாதித்தது ஒன்றே ஒன்று. திருத்தணியில் ஒரு சின்னப் பிரசவ விடுதி. நாலு கட்டில், ஒரு நர்ஸ்.

விடுதிக்கு வீடு கொடுத்தது உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்த ஒரு கமிட்டி. அதற்குத் தலைவர் கோவிந்தசாமி நாயுடு, அரிசி மில் வைத்திருப்பவர். செலவில் பாதி அவர்கள், பாதி நாங்கள். திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. அன்று சென்னையில் இன்னொரு கூட்டத்தில் இதே விஷயத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

மில் பெல்ட் வாங்கச் சென்னை வந்த நாயுடு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "கட்டில் அத்தனையும் காலிங்க. மாசக்கணக்கா ஒரு பொம்பளை படுக்கல. மூடிடலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க" என்றார். மறு வாரமே கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலிலிருந்து திருத்தணி ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். காலை பாசஞ்சர் ஏழரைக்கு எடுத்தது. மூன்றாம் வகுப்பு டிக்கட் அப்போது ஒரு ரூபாயும் ஓரணாவும். இரண்டாம் வகுப்பில் போயிருக்கலாம். ஆனால் இரண்டாம் வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள், எனக்கு அது ஆகாது.

எதிர்ப் பலகையில் ஒரு தகப்பனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு இருந்தால் அதிகம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வண்டி ஆடும்போதெல்லாம் அவையும் சலசலத்தன. ஒன்பதாம் மாசம் என்று பார்த்தாலே தெரிந்தது. பெயர் மங்கம்மா. தகப்பன் முனுசாமி, திருத்தணியில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர்.

"மாப்ளைக்குப் பட்டணத்துல மில்லு வேலைம்மா" என்றார். "வளையல் போட்ட கையோட இட்டாந்திருக்கணும். மழை உட்டுதுன்னா வரலாம், உட்டுதுன்னா வரலாம்னு நாளு தள்ளிப் பூட்சி."

"பிரசவம் எங்கே பார்ப்பதாக உத்தேசம்?"

"ஊட்லதாம்மா. வேற எங்க? பக்கத்துல கெழவி ஒருத்தி கீறா."

விடுவேனா நான்? வாயைத் திறந்தவள் வண்டி திருவள்ளூர் தாண்டுகிற வரை மூடவில்லை. உங்கள் ஊரிலேயே விடுதி இருக்கிறது, குளக்கரைக்குப் பக்கத்தில், இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, படித்த நர்ஸ், காலணா செலவில்லை என்று பிரசங்கம் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். மங்கம்மா தகப்பனின் தோளை இடித்து, "கட்டில்லயா நைனா? வலி எடுக்கசொல்ல உருண்டு உழுந்துட மாட்டேன்?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஊட்டை நானு பாத்துக்கீறேன்மா. பெரிய மனுஷங்க கட்டனது. நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள உடுவாங்களா?" என்றார்.

"விசாலாட்சியம்மா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க. என் பேரைச் சொன்னால் போதும்" என்றேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அரக்கோணத்தில் வண்டி கால்மணிக்கு மேல் நிற்கும். அங்கேயே பிளாட்பாரத்தில் இட்லி சாப்பிட்டுவிடுவது நல்லது. திருத்தணியில் இறங்கினபோது மணி பதினொன்று. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரக் குளக்கரைக்கு ஜட்கா நாலணா கேட்டார்கள். மழை என்றால் ஆறணா. குளத்தைச் சுற்றி மடங்களும் சத்திரங்களும் நிறைய. கிருத்திகை அல்லாத நாட்களில் அறைக்குப் பஞ்சமே இல்லை. நான் தங்கின சத்திரத்தில் ஜன்னலுக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. குரங்குகளுக்கு அது தெரிந்திருந்தது. நான் வாங்கி வைத்திருந்த ஒரு சீப்பு வாழைப்பழமும் போயிற்று. அப்போது அரிசிக் கட்டுப்பாடு, ராத்திரியில் ஓட்டலில் கோதுமை உப்புமாதான்.

வந்த அன்று மத்தியானமே விடுதிக்குப் போனேன். நர்ஸ் பெயர் ஹாஜிரா பீ. அரக்கோணத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவரின் மகள், சென்னையில் தொழில் படித்தவள், முப்பது வயசிருக்கும். வாய் என்னைவிட ஒரு படி மேல். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போய்க் கட்டில்களைக் காட்டினாள். நாலு கட்டில். சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகின நாலு வெள்ளை விரிப்பு.

"நல்லாப் பாத்துக்கங்கம்மா. யாரும் படுக்காத ஷீட்டை வாரா வாரம் தோச்சிப் போடறேன். தோச்சித் தோச்சிக் கையே தேஞ்சிப் பூடும் போலகீது" என்றாள்.

"பெண்களுக்குப் பயமா? இல்லை, நீ துலுக்கப் பெண் என்று...?"

"அதெல்லாம் மொத மாசம். இப்ப எல்லாரும் எங்கிட்டதான் வராங்க. வயித்தைக் காட்றாங்க, மருந்து வாங்கிக்கினு போறாங்க. ஏழாம் மாசம் வளையலைப் போட்டுக்கினு கனகம்மாசத்திரம், திருவாலங்காடுன்னு அவங்கவங்க தாய் ஊட்டுக்குக் கெளம்பிடறாங்க. அப்பறம் புள்ளையத் தூக்கினு வந்து காட்றாங்க. பெத்துக்கறது எல்லாம் வேற ஊர்ல."

"சரி, அவர்கள் போகட்டும். இந்த ஊரைத் தாய்வீடு என்று தேடி வருகிறவர்கள் இருப்பார்களே? அவர்கள் எங்கே?"

ஹாஜிரா பதில் சொல்வதற்குள் வாசலில் வளையல் சத்தம். முனுசாமியும் மங்கம்மாவும்தான். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மங்கம்மா முகம் மலர்ந்துவிட்டது.

ஹாஜிரா அவளை உட்கார வைத்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். பிறகு, "இந்த ஊர்ல எவ்ளோ நாளா கீற?" என்று கேட்டாள்.

"இன்னிக்குத்தான் ரயில்ல வந்தேன்க்கா."

ஹாஜிரா என்னைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கை காட்டினாள். இவ்வூரில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் குடியிருக்கும் ஸ்திரீகள் மட்டுமே விடுதியில் சேர்க்கப்படுவர் என்று எழுதியிருந்தது.

"இந்த ஊரில் பிறந்த பெண்தானே!" என்றேன்.

"கட்டிக் குடுத்துட்டா வெளியூர்தாம்மா. கமிட்டிக்காரங்க அப்படித்தான் சொல்லிக்கீறாங்க. எத்தினி பேரைத் திருப்பி அனுப்பிக்கீறேன் தெரியுமா? அழுதுகினு போவாங்க."

அந்த விதி எனக்குப் புதிதில்லை. சென்னையில் எங்கள் சங்கத்து மேஜைக்கு அது வந்தது. மாசா மாசம் கிருத்திகைக்கு வெளியூர்க் கூட்டம் குவிகிற ஊர். வருகிறவர்கள் எல்லாம் விடுதியில் வந்து படுத்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளூர்க் கமிட்டி பயந்தது. நியாயமான பயம் என்று மேஜையைச் சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம். நான் என் மூத்தவனைக் கும்பகோணத்தில் அம்மா வீட்டில் பெற்றவள். என் பக்கத்தில் இருந்தவள் பாலக்காட்டில். எங்களில் ஒருத்திகூடப் புருஷன் வீட்டில் தலைப்பிள்ளை பெற்றதில்லை. ஆனாலும் ஒருத்திக்கும் அது ஞாபகம் வரவில்லை. இருக்கிறவள் போய்விடுவாள், வருகிறவளுக்கு இடமில்லை, அப்புறம் கட்டில் எப்படி நிரம்பும்? வெட்கமாக இருந்தது. முனுசாமியிடம், "கொஞ்சம் பொறுங்க, நான் பேசிச் சரி பண்ணுகிறேன்" என்றேன். அவர் சாக்கை உதறிப் பெண்ணின் தலையில் போட்டு அழைத்துப் போனார்.

மறுநாள் காலை நாயுடுவின் மில்லுக்குப் போனேன். மில்லை ஒட்டியே வீடு. உட்காரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். மோர் கொண்டுவந்த பெண்ணின் கையிலும் முழங்கை வரை வளையல். நல்ல கனமான கர்ப்பம்.

"எங்க பெரிய பொண்ணுங்க. கூடூர்ல குடுத்திருக்கோம். பிரசவத்துக்கு வந்துகீது" என்றார்.

"அப்படியானால் வெளியூர்ப் பெண்."

நாயுடு சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். "எம் பொண்ணைப் போயி வெளியூர்னு எப்படிங்க சொல்றது?"

"நேற்று விடுதியிலிருந்து திரும்பிப் போன முனுசாமி பெண்ணை எப்படிச் சொன்னீர்கள், நாயுடுகாரு?"

கெட்ட மனிதர் இல்லை. பெண் உள்ளே போன பிறகு, "நாயமாத்தாங்க கீது. இது எங்க யாருக்கும் தோணலையே" என்றார். பௌர்ணமி கழித்துக் கமிட்டி கூடுகிறது, விதியை மாற்றச் சொல்லித் தானே எடுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். "ஆனா நீங்களும் அன்னிக்கு வந்து ஒரு வார்த்தை பேசணும்மா. நான் பேசினா மில்லுக்காரன் பேச்சும்பாங்க. நீங்க பட்டணத்துலேர்ந்து வந்து பேசினா காது குடுப்பாங்க."

"கட்டாயம் வருகிறேன்."

"இன்னொண்ணுங்க. அதுவரைக்கும் விதிக்கு மாறா யாரையும் சேத்துடாதீங்க. அந்த ஊட்டைத் திருவிழாப் பந்தல் சாமான் போட்டுக்கக் கேட்டுகினே கீறாங்க கமிட்டியில ரெண்டு பேரு. ஒரு சாக்கு கெடைக்குமான்னு பாத்துகினு கீறாங்க."

சரி என்றேன். மனசு லேசாகிவிட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டது மேஜையிலேயே கிடைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி பேய் மழை.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. மலை ஏறினேன். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சொல்வார்கள். நான் எண்ணவில்லை. மூச்சு வாங்கியதைத்தான் எண்ணினேன். நடுநடுவே மண்டபங்கள் உண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். கூட்டமே இல்லை. தரிசனம் நன்றாக ஆயிற்று. மேலே நின்று பார்த்தால் வயல் எல்லாம் தண்ணீர், நடுவில் ரயில் ரோடு மட்டும் கறுப்பாக ஒரு கோடு. என் முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் குழந்தை வரம் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள். குழந்தையைக் கேட்பதும் இங்கே, கொடுத்ததற்கு நன்றி சொல்வதும் இங்கே. பெற்றுக்கொள்ள மட்டும் இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். பௌர்ணமி கழித்து அதுவும் வந்துவிடும் என்ற தைரியம்.

கீழே வந்தபோது விடுதி வாசலில் மாட்டு வண்டி நின்றது. முனுசாமி இடுப்பு வரை சேறாக நின்றார். வண்டிக்குள் மங்கம்மா வைக்கோலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ராத்திரியே வலி எடுத்துவிட்டதாம்.

"ஊட்ல முழங்கா தண்ணிம்மா. சுவரு ஒண்ணு உழுந்துட்சி. அந்தக் கெழவி ஏரிக்கு அந்தாண்ட மாட்டிக்கினா. எங்க இட்டுனு போவேன் நானு?"

ஹாஜிரா வாசலில் நின்றாள். இடுப்பில் சாவி. அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். நாயுடு சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. மங்கம்மா வண்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "அம்மா, உங்க பேரைச் சொல்லலாம்ல?" என்றாள்.

"உள்ளே கொண்டு போ" என்றேன் ஹாஜிராவிடம்.

அதற்குப் பிறகு அவள் என்னை மதிக்கவே இல்லை. வெந்நீர் வையுங்க, அதை எடுங்க, இதைப் பிடிங்க, குறுக்கே நிக்காதீங்க என்று விரட்டினாள். பிள்ளைப்பேறு பற்றி மேடை மேடையாகப் பேசியவள் நான். ஒரு பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. நண்பகலுக்கு முன்னால் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் அழுகையைக் கேட்டு வாசலில் முனுசாமி மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, "உருண்டு உழல" என்றாள். ஹாஜிரா ரத்தமும் ஈரமுமான விரிப்பை உருவி என் முன்னால் தூக்கிக் காட்டினாள். "பாருங்கம்மா! கடேசியில அழுக்காச்சி!" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த விரிப்பைப் பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தாள்.

மூன்று மணிக்கு நாயுடு வந்தார். தீட்டு என்பதால் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவசரப்பட்டுட்டீங்களேம்மா" என்றார்.

"மழையில் நிற்க வைத்திருக்க வேண்டுமா?"

"நானா இருந்தாலும் தொறந்திருப்பேங்க. அது வேற. அந்த ரெண்டு பேருக்கும் சேதி எட்டிடுச்சி. பௌர்ணமி வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களாம், நாளை சாயங்காலமே கமிட்டியக் கூட்டச் சொல்லிட்டாங்க. நீங்க இருந்து பேசுங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அந்தப் புள்ளையத் தூக்கிக் காட்டுங்க. மனுஷங்கதானே, எளகுவாங்க."

மறுநாள் சாயங்காலம் எனக்குச் சென்னையில் குழந்தைக் கண்காட்சி. வருஷா வருஷம் நான்தான் தலைமை. குண்டுக் குழந்தைகளுக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுக்க வேண்டும், பெரிய இடத்து அம்மாள் ஒருவர் வருகிறார், நோட்டீஸில் என் பெயர் அச்சாகிவிட்டது. நாயுடுவிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பதில் அவரே எல்லாம் பேசிவிட முடியாதா என்று கேட்டேன். அவர் குடையைச் சுற்றிக்கொண்டே, "பாக்கறேங்க" என்றார். ஹாஜிரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "போய்த்தான் ஆகணுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நாலே நாளில் திரும்பி வருகிறேன், கவலைப்படாதே என்று அவள் தோளைத் தட்டினேன்.

காலை வண்டியில் சென்னைக்கு வந்து, தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு மேடை ஏறினேன். மங்கம்மா கதையைத்தான் பேசினேன். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிடுவேனா என்று அவள் கேட்டதைச் சொன்னபோது சபை கைதட்டியது. அந்த நேரத்துக்குத் திருத்தணியில் கமிட்டி கூடிவிட்டது. விடுதி விதிப்படி நடக்கவில்லை, மூடிவிடலாம் என்று கை தூக்கிவிட்டார்கள். கை தூக்கியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் அதிகமாம். மங்கம்மா பிள்ளையோடு வீடு போகிற வரை மட்டும் பொறுத்துக்கொள்வார்களாம். எதிர்த்துப் பேச நாயுடு மட்டும் இருந்தார். அவர் பயந்தபடியே, மில்லுக்காரர் பேச்சு என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத் தந்தி வந்தபோது கழுத்து மாலைகூட வாடியிருக்கவில்லை.

அப்புறம் திருத்தணிக்குப் போக எனக்கு முகமில்லை. ஆனாலும் சென்னையில் நான் சும்மா இருக்கவில்லை. ஓடினேன், கெஞ்சினேன், சங்கத்தில் சண்டை பிடித்தேன். மூடினது மூடினதுதான். நாயுடு தன் பெண்ணைப் பிரசவத்துக்குச் சென்னைக்கு அனுப்பினார். அனுப்ப முடிந்தது, அனுப்பினார். முடியாதவர்களைப் பற்றி எனக்கு யாரும் சேதி சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் திறக்கச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை அந்த வண்டி வந்து நின்றாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் திறந்த கதவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு நாள் நான் நின்றிருக்க வேண்டும். ஒரே ஒரு சாயங்காலம். கண்காட்சிக் குழந்தைகள் கிண்ணத்தை யார் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பயணம் போன தை மாசம். மங்கம்மாவின் பிள்ளைக்கு மூன்றாம் வயசில் முதல் மொட்டை. தணிகாசலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கட்டாயம் வரவேண்டும் என்று மங்கம்மாவே புருஷனோடு வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதே காலை வண்டி, அதே மூன்றாம் வகுப்பு. பையன் என் மடியில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டே வந்தான். மங்கம்மா கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். மறுபடி அஞ்சு மாசம் என்றாள்.

"மாமியார் இல்லையேம்மா, இதுக்கும் நைனா ஊட்டுக்குத்தான் வரப்போறேன். இந்த வாட்டியும் அந்தக் கட்டில்தானே? சன்னலோரக் கட்டிலு. உங்க பேரைச் சொன்னா போதும்ல?" என்று கேட்டாள்.

முனுசாமி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எப்படிச் சொல்வார், பாவம்? உன் பிள்ளை அங்கே பிறந்ததால் மூடிவிட்டார்கள் என்றா?

"அதை மூடிட்டாங்க மங்கம்மா."

"ஐயையோ! ஏம்மா? ஆளுங்க யாரும் வர்லியா?"

"ஆங்" என்றேன் அவள் பாஷையிலேயே. இருபது வருஷம் மேடையில் எதற்கும் நீட்டி முழக்கினவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவள், "படிக்காத ஜனங்கம்மா, நல்லது சொன்னா கேக்க மாட்டாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் பையன் தலையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மொட்டை நல்லபடியாக ஆயிற்று. கீழே இறங்கினபோது அந்த வீட்டைப் பார்த்தேன். உள்ளே பந்தல் கால்களும் கீற்றும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. திரும்பும் வழியில் அரக்கோணத்தில் இறங்கி ஹாஜிராவைப் பார்த்தேன். இப்போது வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "கோவம் இன்னாம்மா கோவம். எங்கிட்ட நாலு கட்டில் இருந்துச்சி. இப்ப இல்ல. அவ்ளோதான்" என்றாள். தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

இனி, போகிறவர்களுக்கு. காலை பாசஞ்சரில் போனால் அன்றைக்கே தரிசனம் முடித்துத் திரும்பலாம். டிக்கட் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சில்லறையோடு போங்கள். ஜட்காக்காரரிடம் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். மலையில் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு கேட்டு வாங்காது. கிருத்திகையன்று போக ஆசை இருந்தால் சத்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஊரில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. கூட மாசமான பெண் இருந்தால் திருத்தணியில் விடுதி இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். இல்லை. அரக்கோணத்தில் இறங்கி ஹாஜிரா பீ வீடு எது என்று எந்த ஜட்காக்காரரைக் கேட்டாலும் காட்டுவார். ராத்திரியானாலும் எழுந்து வருவாள், எந்த ஊர் என்று கேட்கமாட்டாள். என் பேரைச் சொல்ல வேண்டாம்.